இரண்டே முக்கால் மணி நேரம்

கொட்டகலை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் வந்து நின்றபோது அக்கா தன் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்து, அதிலிருந்த கைக்கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். அத்தானின் கடிகாரம். கண்ணாடியில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு கீறல், தோல் வாரில் அவர் மணிக்கட்டின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. “எனக்கு மணி பாக்கத் தெரியாது. நீ கட்டிக்க,” என்றாள். நான் கட்டிக்கொண்டு, பழக்கத்தில் சாவியை இழுத்து முள்ளைத் திருப்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முள்ளைத் தொடாதடா. அவங்க வச்ச முள்ளு.”

அவள் பிடித்த பிடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள், தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த நகங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை இடுப்பில் தூங்க, மறு கையால் என்னைத் தடுத்தாள். நான் சிரித்துக்கொண்டே சாவியை உள்ளே அழுத்திவிட்டேன். முள்ளைத் திருப்பாவிட்டால் என்ன? எங்கள் தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கணக்குத் தெரியும். பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் மணி, ஊர் மணிக்கு ஒரு மணி நேரம் முந்தி அடிக்கும். விடிவதற்கு முன்பே ஆட்களை மலைக்கு ஏற்ற, எந்தக் காலத்துத் துரையோ செய்து வைத்த ஏற்பாடு. தோட்டத்துக் கடிகாரங்கள் எல்லாம் அந்த மணியைத்தான் காட்டும். ரயிலுக்குப் போகிறவன் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வான். மூச்சு விடுவது மாதிரி அது பழகிப்போன கழித்தல்.

நான் அப்போது எஸ். எஸ். சி. முடித்துவிட்டு, வாத்தியார் வேலை வருமா வராதா என்று எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கும் தபாற்கந்தோருக்கும் நடந்துகொண்டிருந்தவன். எதையும் அளந்து பார்க்கிற வெறி எனக்கு. எங்கள் லயத்திலிருந்து பாக்டரிக்கு எத்தனை எட்டு, நீர்வீழ்ச்சியில் போட்ட இலை எத்தனை எண்ணுவதற்குள் பாலத்துக்கு வரும், இப்படி. விமானம் என்றால் சோறு வேண்டாம். பத்திரிகையில் விமானப் படம் வந்தால் வெட்டி எடுத்து லயத்து அறையான எங்கள் காம்பராச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டுவேன். அம்மா அடுப்பு மூட்டும் புகையில் அவை ஒவ்வொன்றாய்க் கறுத்துப் போகும்.

அத்தான் அந்தக் கார்த்திகையில் முன்னால் இந்தியாவுக்குப் போயிருந்தார். பிரஜாவுரிமை மனுவில் எங்கள் அப்பாவின் பெயர் ஏறியது. அத்தானுடையது மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அப்பா இலங்கைப் பிரஜை, அதனால் நாங்களும். அக்கா அத்தானைக் கட்டியவள், அதனால் அவளும் குழந்தையும் இந்தியப் பாஸ்போர்ட்டில். இராமநாதபுரம் பக்கம் கடற்கரையை ஒட்டிய அவருடைய பூர்வீக ஊரில் கூரையை வேய்ந்து வீட்டைச் சரி செய்ய அவர் முதலில் போவது, தை பிறந்ததும் அக்காவையும் குழந்தையையும் நான் கப்பலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவது. இதுதான் ஏற்பாடு. எனக்கும் பாஸ்போர்ட் எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். கடல் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் என்று அத்தான் கடிகாரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மணி பார்க்கத் தெரியாத அக்கா, தினம் பெரட்டு மணி அடித்ததும் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் கூடையை எடுப்பாள்.

அதற்குள் மார்கழி வந்தது. தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்ட மார்கழி. ரயிலோடு ஆட்களை அலை கொண்டுபோய்விட்டது என்று பத்திரிகையில் வந்ததை நான்தான் லயத்து வாசலில் நின்று உரக்கப் படித்தேன். அங்கே நின்ற ஒவ்வொருவருடைய வீட்டாரும் ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரைத் தாண்டி வந்தவர்கள். கப்பல் துறையே இல்லை என்றானது. எப்போது மறுபடி கப்பல் ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தானிடமிருந்தும் ஒரு வரி இல்லை.

தை கழிகிற சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. புயலில் வீடு இடிந்து அத்தானுக்கு அடிபட்டிருக்கிறது, திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே புறப்பட்டு வரவும். நாலே வரி. நான் படித்துக் காட்டியதும் அக்கா கடிதத்தைக் கேட்டு வாங்கி, எழுத்துத் தெரியாதவள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் என்ன பார்த்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சி. திருச்சியில் விமான நிலையம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்து அட்லஸில் கொழும்பின் மேல் குண்டூசியைக் குத்தி, தையல் நூலைத் திருச்சி வரை இழுத்து, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று எண்பது மைல் சொச்சம். அந்த இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு நூற்றறுபது மைல் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். என்னிடமிருந்த காகிதத்தில் மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதே விடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கணக்குச் சரி. காத்தை எங்கை போட்டனீர்?”

“காத்து எவ்வளவு சேர்?”

“அதைக் காத்திட்டைத்தான் கேக்க வேணும்.”

நான் காற்றை விட்டுவிட்டேன். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

அம்மா சம்மதிக்கவே இல்லை. கப்பல் ஓடட்டும், அதுவரைக்கும் முருகன் பார்த்துக்கொள்வான் என்றாள். “தண்ணியே அப்படி முழுங்குச்சுன்னா ஆகாசம் என்ன செய்யும்? பிடிக்கிறதுக்கு ஒரு கொம்பு இருக்கா, கொடி இருக்கா?” பக்கத்துக் காம்பரா மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள், “ஏன்டி, நடுவழியில புள்ளைக்கு வெளிக்கு வந்தா நிறுத்தச் சொல்லுவியா?”

“நிறுத்தினா இறங்குறதுக்கு எடம் வேணுமே மதினி,” என்றேன்.

“இவன் ஒருத்தன். ஏரோப்பிளேனை இவனே செஞ்சு விட்ட மாதிரிப் பேசுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அட்லஸைத் தரையில் விரித்து, நூலைக் காட்டி விளக்கினேன். “ரெண்டு மணி நேரங்கூட இல்லம்மா. இங்கேருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸுல போற நேரம். அக்கா நெனச்சா வந்துட்டுப் போயிரலாம்.” அம்மா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் கூட இல்லாத நூல். “ரெண்டு மணி நேரந்தானா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். “தானா” என்று இழுத்த அந்த இழுப்பில் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவின் காப்புகள் ஹட்டனுக்குப் போய் டிக்கெட்டுகளாக வந்தன.

கொழும்பு விமான நிலையமான இரத்மலானையில், கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். வெயிலில் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு நின்ற அந்த விமானத்தை நோக்கி எங்களை நடக்கச் சொன்னார்கள். படியில் கால் வைக்கும் முன் அக்கா செருப்பைக் கழற்றப் போனாள். “கோயிலாக்கா?” என்று காதுக்குள் கேட்டேன். உள்ளே மாடு அவிழ்த்துவிட்ட வண்டி மாதிரி சரிந்திருந்த நடைபாதையில் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். இடுப்புப் பட்டையைப் போட்டுவிட்ட கோட்டுக்காரர் மிட்டாய்த் தட்டு நீட்டினார். எஞ்சின் சத்தம் ஏறியது. சக்கரம் தரையை விட்ட கணத்தில் ஜன்னல் வழியே தெரிந்த சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்பது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். ஒன்பதோடு ஒன்றே முக்கால். பத்தே முக்காலுக்குத் திருச்சி.

முதலில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அதோ தென்னந்தோப்பு, அதோ ஆறு வந்து கடலில் சேருது பார், மீன்பிடி வள்ளம் எறும்பு மாதிரித் தெரியுது பார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் காதில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு, எதிர் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை மைலு வந்திருக்கோம்?” என்று மட்டும் அவ்வப்போது கேட்டாள். நான் உத்தேசமாக ஒன்றைச் சொல்வேன். அவள் தலையை ஆட்டுவாள். கரை விலகிப் போனது. கீழே கடல் மட்டும்தான். அதன்பின் மேகம் வந்தது. வெள்ளைத் துணியைப் போட்டு ஜன்னலை மூடியது போல இருந்தது. விமானம் ஒரு தடவை அடியில் யாரோ உதைத்தது மாதிரிக் குலுங்கி, வயிறு தொண்டைக்கு வரும்படி இறங்கியது. பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டது. நான் சீட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். மேகம் கிழிந்து கீழே பார்த்தால் அதே கடல். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து ஐம்பது.

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அன்று அந்தக் கடிகாரம் எந்த மணியைக் காட்டுகிறது என்ற நினைவே எனக்கு வரவில்லை. ரயிலில் வரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தவன் நான். ஆகாயத்தில் பயம் வந்து உட்கார்ந்த இடத்தில், பிறந்ததிலிருந்து பழகிய அந்தக் கழித்தல் எங்கோ போய்விட்டது. புறப்பட்டது ஒன்பது, சுவரில் பார்த்தேன். இப்போது பத்து ஐம்பது, கையில் பார்க்கிறேன். திருச்சிக்குப் போய் இறங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். கீழேயோ கடல்.

பயத்துக்கு ஒரு கெட்டித்தனம் உண்டு. தன்னைக் கலைக்கிற எதையும் அது தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளும். கோட்டுக்காரர் பக்கமாக வந்தபோது, விமானம் தாமதமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இல்லை, சரியான நேரத்தில்தான் போகிறது என்று சிரித்தார். இப்படிச் சிரிக்கச் சொல்லி அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது. முன் சீட்டில் ஒரு வியாபாரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பாவம், தெரியாமல் தூங்குகிறார் என்று நினைத்தேன். எஞ்சினின் ஓசை மாறிவிட்டது போலவும், இறக்கை ஒரு பக்கம் சாய்வது போலவும், பைலட் வழி தெரியாமல் வட்டமிடுவது போலவும் இருந்தது. எண்ணெய் எவ்வளவு நேரத்துக்கு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு வைத்திருப்பார்களா, மூன்றுக்கா? அந்தத் தண்ணீர்தானே ரயிலையே கொண்டுபோனது. லயத்து வாசலில் அதை உரக்கப் படித்த என் குரல் எனக்கே கேட்டது. காற்றை எங்கே போட்டீர் என்று மாஸ்டர் கேட்ட கேள்வியும் கேட்டது. பதினொன்று. பதினொன்று ஐந்து. அந்தக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கடல்.

“என்னடா, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?” அக்கா கேட்டாள்.

மறைக்கத் தெரியவில்லை. “நேரம் தாண்டிருச்சுக்கா.”

“எந்த நேரம்?”

“போய்ச் சேர வேண்டிய நேரம். இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் கரையே வரல. வழி தவறிருச்சுன்னு நெனைக்கிறேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. இந்தப் பயணத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே பிடி என்னுடைய அந்த ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம்தான். அதை நானே அவள் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அவள் அலறுவாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தோளில் கிடந்த சால்வையை எடுத்து முறுக்கினாள். மழையில் மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டுவாளே, அதே மாதிரி குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்து, முதுகைச் சுற்றி இரண்டு சுற்றுக் கொண்டுவந்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விழுந்தால் குழந்தை தன்னைவிட்டுத் தனியாகப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான்.

அதன் பிறகு சீட்டில் சாய்ந்துகொண்டாள். புறப்பட்டதிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் சாய்ந்தாள்.

“போகட்டும்டா,” என்றாள்.

“என்னக்கா சொல்றே?”

“இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்.” அவள் குரல் எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. நான் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். “அந்தக் கடுதாசி அவங்க எழுதினது இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அவங்க எழுத்துத் தெரியும். சாஞ்சு சாஞ்சு போகும். இது நிமுந்து நிக்குது. உசுரோட இருந்தா அவங்கதானே எழுதுவாங்க? உடனே வான்னா எதுக்குடா கூப்பிடுவாங்க? காரியத்துக்குத்தானே?”

நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன்.

“கொட்டகலையில ரயில் ஏறும்போதே இறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு. நீ வேற ஒண்ணே முக்கா மணி, ஒண்ணே முக்கா மணின்னு சொல்லிக்கிட்டே வந்தே. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவு சீக்கிரம் போயிருமான்னு.” குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். “மேல இருக்கிற வரைக்கும் எனக்கு அவங்க இருக்காங்க. இறங்கினாத்தான் தெரியும்.”

பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு மைல் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். ‘எத்தனை மைலு வந்திருக்கோம்’ என்று அவள் கேட்டதெல்லாம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்ற கலக்கத்தில். நான் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருந்தேன்.

அப்புறம் கரை வந்தது. வெள்ளைக் கோடாக மணல், அதன் பின்னால் பனைகள், குட்டை குட்டையாய்த் தண்ணீர். முன் சீட்டு வியாபாரி விழித்துக்கொண்டு இராமநாதபுரம் என்றார். எனக்கு அழுகை வந்தது. பைலட்டை, கோட்டுக்காரரை, வியாபாரியை, எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “கரைக்கா, கரை,” என்று திரும்பினேன். அதுவரை ஜன்னல் பக்கமே திரும்பாதவள், என் மேல் சாய்ந்து கீழே பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தரை நெருங்க நெருங்க அந்தப் பிடி இறுகியது. வரப்புகள், ஒரு மாட்டு வண்டி, வண்டிக்காரனின் தலைப்பாகை என்று ஒவ்வொன்றாய்த் தெரியத் தெரிய அவள் விரல்கள் என் சதைக்குள் போயின. மூன்று நாளைக்கு அந்தத் தடம் இருந்தது.

திருச்சி நிலையத்தின் சுவரில் பத்து நாற்பத்தேழு. என் கையில் பதினொன்று நாற்பத்தேழு. நின்றுவிட்டேன். இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரே நேரம், முள்ளை மாற்ற வேண்டியதே இல்லை என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். உண்மைதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரம். எங்கள் மலைக்கு மட்டும்தான் வேறு நேரம். விமானம் என் கணக்கில் இரண்டு நிமிடம்தான் பிசகியிருந்தது. “அக்கா, தோட்ட மணியைக் கழிக்க மறந்துட்டேன். நாம சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கோம்,” என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வெளியே கம்பிக்கு அப்பால் நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தானின் அண்ணன் வந்திருந்தார். அக்காவின் கண் அவருடைய நெற்றிக்குப் போனது, தலைமுடிக்குப் போனது, வேட்டிக்குப் போனது. எதிலிருந்தும் எதுவும் தெரியவில்லை. “வாம்மா. சாப்பிட்டீங்களா?” என்றார். குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினார். அக்கா கட்டை அவிழ்க்கவில்லை. கேள் என்பதைப் போல என்னைப் பார்த்தாள். எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. “ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்,” என்றார் அவர். குதிரை வண்டியில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் பிரேதமும் இருக்கும் என்று அக்கா நினைத்திருப்பாள். நான் நினைத்தேன். எங்கள் மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு அந்த வெயிலில் நனைந்து ஒழுகியது. வழி முழுக்க அந்த மனிதர் புயலைப் பற்றியும் விழுந்த ஓட்டு வீடுகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் எல்லாம் அறிந்தே வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு சொன்னார்.

அத்தான் வார்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு அலுமினியத் தம்ளர். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. விட்டம் விழுந்து நசுங்கி, புழு வைத்து, எடுத்துவிட்டார்கள்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். நடந்துபோய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் சால்வை முடிச்சை அவிழ்க்க முயன்றாள். பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு அவிழவில்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன். அத்தான் குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எழுத முடியலம்மா. பக்கத்துக் கட்டில் பையனைக் கெஞ்சி எழுதச் சொன்னேன். கை போன சங்கதியை எழுத வேணாம்னேன். நீ பயந்துருவியேன்னு.”

அக்கா சத்தமில்லாமல் அழுதாள். அந்த அழுகைக்குள் சிரிப்பு மாதிரி ஒன்றும் வந்துவிட்டுப் போனது. அவர் பயந்துபோய், பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தார் போல. “ஏரோப்பிளேன்லயா வந்தீங்க? எவ்வளவு நேரமாச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “ரெண்டே முக்கா மணி நேரம்.”

அன்றைக்குச் சொன்னதை அவள் பிறகு மாற்றவே இல்லை. அத்தானின் ஊரில் பெண்கள் கேட்டால் அதைத்தான் சொன்னாள். மகள் பெரியவளாகி எனக்கு எழுதும் கடிதங்களிலும் ‘இரண்டே முக்கால் மணி நேரம் என்னை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்ததாக அம்மா சொல்கிறது, நிஜமா மாமா?’ என்றுதான் வரும். நிஜம் என்று எழுதுகிறேன். இப்போது ஜெட் விமானங்கள் அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடுகின்றன. மிட்டாயைச் சப்பி முடிப்பதற்குள் இறங்கிவிடலாம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு முன்னைப் போலவே விமானம் பிடிக்கும், வேகம் பிடிக்கும். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படி ஒரு விமானம் இருந்திருந்தால் அவள் ஏறியிருப்பாளா என்று தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் நான் மட்டும் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அக்கா வந்தாள். “அம்மாகிட்ட நீதான் சொல்லணும். கையையும் சொல்லு. நான் இனி அங்க வர முடியாதுங்கிறதையும் சொல்லு. ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிராத. அம்மா தாங்காது.” ஒரு கை இல்லாதவருக்கு இனி எல்லா வேலைக்கும் இவள் கைதான். இவளுடைய பாஸ்போர்ட்டுக்கோ எங்கள் மலையில் இடமில்லை. நினைத்தால் வந்துவிட்டுப் போகலாம் என்று அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

திருச்சிச் சுவரில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் சக்கரம் தரையை விட்டது. என் கையில் கடிகாரம் இல்லை, அத்தானிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மேகம் இல்லை, குலுக்கல் இல்லை, இரண்டு கரைகளுக்கும் நடுவே கடல் தட்டையாக, வெயிலில், எந்தத் தீங்கும் அறியாததுபோலக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எங்கள் லயத்து வாசல் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா இந்நேரம் மலையிலிருந்து இறங்கியிருப்பாள். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வழியைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இன்னும் மருமகனுக்கு இரண்டு கை. அவளுடைய மகள் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். ஒரு காற்று வந்து எதிரே நின்றால் என்ன, வழி தவறி இன்னொரு சுற்றுச் சுற்றினால் என்ன என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பயந்தேன். கோட்டுக்காரர் வந்தபோது, தாமதமாகுமா என்று கேட்டேன்.

ஆகாது, சரியான நேரத்துக்குப் போய்விடுவோம் என்று சிரித்தார். இந்தத் தடவை அவரை நம்பினேன்.

தென்னைகள் தெரிந்தன. கூரைகள் தெரிந்தன. சக்கரம் ஒரு தடவை உரசி, எழும்பி, மறுபடி தரையைப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக இரத்மலானைக் கட்டடத்தின் கடிகாரம் மெல்ல மெல்ல எங்களை நோக்கி வந்தது. மூன்றே முக்கால். நூல் பிடித்த மாதிரி, ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை.

எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். நான் கடைசி ஆள் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.